எல்லாத்துக்கும் அஞ்சு போட்டாச்சு மிஸ்!

போன செவ்வாய்க்கிழமை நூற்றிருபது பெண்கள் சேர்ந்து எனக்கு முழு மாக்ஸ் போட்டுத் தந்தார்கள். ஒருவர்கூட ஒரு மாக்ஸ் குறைக்கவில்லை. நான் படிவங்களைக் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு அழுதேன்.

முழு மாக்ஸ் வாங்கி அழுத முதல் யாழ்ப்பாணத்து ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இந்தப் பத்தியை வாரா வாரம் வாசிக்கிறவர்களுக்கு என் பி.எச்டி. வருத்தம் தெரியும். சமூக உளவியலும் தொழில்சார் உளவியலும் சேர்ந்த கலாநிதிப் பட்டம். இது ஏழாவது வருஷம். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரியில் சொன்னால் – மனிதர்கள் கூட்டமாக இருக்கும்போதும் வேலைக்குப் போன இடத்திலும் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராய்கிற படிப்பு. அதைப் படிக்கப் போன ஆள் ஏன் இப்படி ஆகிப்போகிறார் என்று ஆராய இன்னும் ஒருவரும் முன்வரவில்லை.

எங்கள் ஊரில் பி.எச்டி. என்பது சொந்த விஷயம் இல்லை. மானிப்பாயில் பஸ்ஸுக்கு நின்றாலும், கலியாண வீட்டில் சாப்பாட்டுக்கு நின்றாலும் ஒரே கேள்விதான். "என்ன மிஸ், இன்னும் முடியேல்லையோ?" போன மாதம் ஒரு செத்த வீட்டில், பிரேதத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒரு அம்மா கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல? "முடியுது அன்ரி" என்றேன். எதைச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

முடியாததற்கு நான் சோம்பேறி என்றா நினைக்கிறீர்கள்? என்னென்ன கேட்கிறார்கள் என்று கொஞ்சம் கேளுங்கள். மாஸ்டர்ஸ் இருக்க வேண்டும் என்றார்கள் – இருந்தது. புள்ளிவிபரவியல் இரண்டு கோர்ஸ் என்றார்கள். நாற்பத்துநாலு வயதில், என்னிடம் டிப்ளோமா படித்த பையனுக்குப் பக்கத்து மேசையில் இருந்து படித்தேன். அவன் பாஸ், நான் ரிப்பீட். பிறகு படித்தது எல்லாவற்றையும் சேர்த்து மூன்று நாள் எழுத்துப் பரீட்சை. அது முடிய, ஆய்வுத் திட்டத்தை ஐந்து பேருக்கு முன்னால் நின்று காப்பாற்ற வேண்டும். அந்த ஐந்து பேரில் ஒருவர் "நீங்கள் எடுத்த ஆட்கள் காணாது" என்றார். பக்கத்தில் இருந்தவர் "கூடிப்போச்சு" என்றார். இரண்டு பேருக்கும் சரிவரத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள்!

திருத்தினேன். எப்படி என்று கேட்காதீர்கள். இதற்கிடையில் இரண்டு ஆய்வுக் கட்டுரை சஞ்சிகையில் வர வேண்டும். ஒன்று வந்தது. மற்றது எங்கேயோ ஒருவருடைய மேசையில் பதினான்கு மாதமாக நித்திரை கொள்கிறது...

எல்லாவற்றுக்கும் மேலே அறநெறிக் குழு. ஆய்வில் பங்குபற்றுகிற ஒவ்வொருவரிடமும் "எனக்கு எல்லாம் விளங்கியது, நான் சம்மதிக்கிறேன்" என்று எழுத்தில் வாங்க வேண்டும். நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. அந்தக் குழுவின் அனுமதிக்கு நான் பதினொரு மாதம் காத்திருந்தேன் என்பதை மட்டும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

இனி என் ஆய்வுக்கு வருவோம். வேலை செய்கிற இடத்தில் குறை இருந்தும் ஆட்கள் ஏன் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள்? இதுதான் தலைப்பு. இடம், கடற்கரைப் பக்கம் ஒரு நண்டுத் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். நண்டை அவித்து, ஓட்டை உடைத்து, சதையை எடுத்து, டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் குருநகர்ப் பெண்கள். காலில் பூட்ஸ், தலையில் வலைத்தொப்பி, கையில் சின்னக் கத்தி. முழு நாளும் நின்ற நிலை.

நான் கொடுத்தது நாற்பது வசனங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு இலக்கத்தைச் சுற்றி வட்டம் போட வேண்டும். "முற்றாக மறுக்கிறேன்" என்றால் ஒன்று. "முற்றாக ஏற்கிறேன்" என்றால் ஐந்து. மனேச்சர் நல்ல மனிதர். "நீங்கள் மினக்கெட வேண்டாம் மிஸ், எங்கடை சுப்பர்வைசரே குடுத்து, நிரப்பி, சேர்த்துத் தருவார்" என்றார். எவ்வளவு உதவி! நான் இரண்டு தரம் நன்றி சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை கட்டு வந்தது. முதல் படிவம் – நாற்பதுக்கும் ஐந்து. இரண்டாவது – நாற்பதுக்கும் ஐந்து. பத்தாவது, ஐம்பதாவது, நூற்றிருபதாவது...

இப்படியான கேள்விக்கொத்தில் நாங்கள் ஒரு சின்னக் கள்ளவேலை செய்வோம். ஒரே விஷயத்தை நேராகவும் ஒருக்கால் கேட்போம், தலைகீழாகவும் ஒருக்கால் கேட்போம். வாசித்துத்தான் பதில் போடுகிறாரா என்று பிடிக்கிறதற்கு. "நான் சொல்வதைச் சுப்பர்வைசர் கவனமாகக் கேட்கிறார்." இதற்கு ஐந்து. பதினைந்து வசனம் தள்ளி, "நான் சொல்வதைச் சுப்பர்வைசர் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை." அதற்கும் ஐந்து!

கோதாரி. எந்த மனிதர் கவனமாகக் கேட்டுக்கொண்டே காதில் போடாமல் இருப்பார்? சரி, கலியாணம் கட்டியவர்கள் பதில் சொல்ல வேண்டாம்.

என் வழிகாட்டிக்குப் போன் எடுத்தேன். கொழும்பில் பேராசிரியை, பூர்வீகம் எங்கள் பக்கம்தான். என்னைவிட எட்டு வயது இளையவர். நான் அவரை டொக்டர் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். கோபம் வந்தால் அக்கா கூடும்.

"எல்லாரும் ஒரே இலக்கம் போட்டால் அது டேட்டா இல்லை அக்கா. வெறும் பேப்பர் அக்கா."

"அப்ப நான் என்ன செய்ய டொக்டர்?"

"திரும்ப எடுங்கோ. மாச முடிவுக்குள்ளை டேட்டாவோடை அறிக்கை போகாட்டில் உங்கடை பதிவே கான்சல். ரெண்டு தரம் எக்ஸ்டென்ஷன் தந்தாச்சு அக்கா. மூண்டாந்தரம் கேட்டு நான் எந்த முகத்தோடை போறது?"

ஏழு வருஷம். மாத முடிவுக்கு இருபது நாள்.

என் கணவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பின்னேரத் தேத்தண்ணியோடு அறைக்குள் வந்தார். கட்டிலையும் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார்.

"உதுக்கு ஏனப்பா அழுறீர்? ஒரு பேனையை எடும். கொஞ்சத்தை நாலாக்கும், கொஞ்சத்தை மூண்டாக்கும். ஆர் பாக்கப் போகினம்?"

"இஞ்சாருங்கோ, விசர்க் கதை கதையாதேங்கோ."

"சும்மா சொன்னனானப்பா" என்று போய்விட்டார்.

உங்களிடம் மறைக்க மாட்டேன். அவர் போன பிறகு நான் பேனையை எடுத்தேன். ஒரு படிவத்தை மடியில் வைத்தேன். மூடியையும் கழற்றினேன்... பிறகு மூடினேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், ஐந்தில் போட்ட வட்டத்தை எப்படி மாற்றலாம் என்று பார்த்தாலும் அது ஐந்து மாதிரியே தெரிந்தது. அன்றைக்கு என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை தொழிற்சாலைக்குப் போனேன். சுப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் முன் மேசையில் நின்ற பெண்ணிடம் கேட்டேன். பெயர் றெஜினா. நாற்பது வயது இருக்கும். அந்த மேசைக்கே அவர்தான் மூத்தவர்.

"றெஜினா, எல்லாத்துக்கும் ஏன் அஞ்சு போட்டனீங்கள்?"

"வேறை என்ன போடுறது மிஸ்? உங்கடை கடைசிச் சோதினை எண்டு சுப்பர்வைசர் சொன்னவர். நாங்கள் குறைச்சுப் போட்டால் நீங்கள் பெயில் எல்லோ?" மற்றப் பெண்களும் தலையை ஆட்டினார்கள். "என்ரை மகளும் ஏ.எல். சோதினைக்கு நிக்கிறாள். சோதினை எண்டால் என்னெண்டு எங்களுக்குத் தெரியாதே? எல்லாத்துக்கும் அஞ்சு போட்டாச்சு மிஸ்! நீங்கள் பயப்பிடாதேங்கோ!"

சோதினை! பிள்ளை பிறந்த அன்றைக்கே எந்த ரியூசன் என்று யோசிக்கிற ஊரில், ஒன்றிலிருந்து ஐந்து வரை இலக்கம் அடித்து ஒரு பேப்பரை நீட்டினால் ஆட்கள் வேறு எதை நினைப்பார்கள்? இரக்கப்பட்டு என்னைப் பாஸாக்கிவிட்டார்கள். அந்த இரக்கத்தால் நான் பெயில். கோபிக்கவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. "சரி, நன்றி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். வேலை முடிந்து பெண்கள் வந்தார்கள். றெஜினா மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றார். சுற்றிலும் ஒருக்கால் பார்த்தார். உள்ளே கேட்ட குரல் இல்லை இது.

"மிஸ், எங்களை விசரியள் எண்டு நினைச்சியளோ?"

"ஐயோ, இல்லை றெஜினா..."

"முதல் பக்கத்திலை உங்கடை பேர் வெளியிலை வராதெண்டு அடிச்சிருக்கிறியள். அதுக்குக் கீழை பேர், அடையாள அட்டை ஐ.சி. நம்பர், கையெழுத்து. பேந்து அதைப் பதிலோடை சேத்து ஸ்ரேப்பிள் அடிச்சிருக்கு. எல்லாத்தையும் சேர்த்துக்கொண்டு போனது ஆர்? சுப்பர்வைசர். கேள்வி முழுக்க ஆரைப் பற்றி? சுப்பர்வைசர். நீங்கள் எண்டால் என்ன போடுவியள் மிஸ்?"

நான் என்ன போடுவேன்? ஐந்துதான். நாற்பது வசனம் காணாது, இன்னும் பத்துத் தாருங்கள் என்று கேட்டு அதற்கும் ஐந்து போட்டிருப்பேன்.

"போன வருஷம் குளிர் அறைக்குள்ளை கை விறைக்குதெண்டு ஒருத்தி வாய் திறந்தவள். அடுத்த கிழமை அவளுக்கு வேலை இல்லை. எங்கடை சனம் இதுவரைக்கும் கையெழுத்து வைச்ச பேப்பர் கொஞ்சமே மிஸ்? எந்தப் பேப்பர் எங்களுக்கு நல்லதைக் கொண்டந்தது?"

"அப்ப சோதினை எண்டு சொன்னது..."

"அதுவும் பொய்யில்லை மிஸ். நீங்கள் பெயிலாப் போறதும் எங்களுக்கு விருப்பமில்லை." பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

சாகலாம் போல இருந்தது எனக்கு. மூன்று நாள் எழுத்துப் பரீட்சையில் இதைப் பற்றித்தான் எட்டுப் பக்கம் எழுதினேன் – ஆபத்து இருக்கும் இடத்தில் ஆட்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், கேட்கிறவருக்குப் பிடித்ததைச் சொல்வார்கள் என்று. அதற்கு A கிடைத்தது! அதே விஷயம் என் கட்டிலில் நூற்றிருபது பிரதியாகக் கிடந்தபோது, என்ன கோதாரி இது என்று அழுதுகொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருப்பது எப்படி இருக்கும் என்று ஏழு வருஷமாகத் தேடினேன். கட்டாகக் கட்டி வீட்டுக்கே தந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த வேகத்தில் டொக்டருக்குப் போன் எடுத்து அறநெறிக் குழுவைத் திட்டத் தொடங்கினேன். உங்கடை கையெழுத்து, உங்கடை ஐ.சி. நம்பர், உங்கடை ஸ்ரேப்பிள்... அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"ஸ்ரேப்பிள் அடிக்கச் சொன்னது ஆர் அக்கா?"

யோசித்தேன். நான்தான். தாள்கள் பறக்காமல் நேர்த்தியாக இருக்கட்டும் என்று நானே இருந்து அடித்தேன்.

"ஐ.சி. நம்பர் குழுவின்ரை போர்மிலை இல்லையே அக்கா?"

அதையும் நான்தான் சேர்த்தேன். ஐ.சி. நம்பர் கேட்காத போர்மை இந்த நாட்டில் யாராவது போர்ம் என்று மதிப்பார்களா? சோதனைச் சாவடியிலிருந்து சங்கக்கடை வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்த கை. கொம்பியூட்டரில் "பெயர்" என்று அடித்தவுடனே அடுத்த வரியில் தன்பாட்டில் அதையும் அடித்துவிட்டது. சுப்பர்வைசரிடம் கொடுக்கச் சம்மதித்ததும் நான். அறநெறிக் குழு பாவம், ஒன்றுமே செய்யவில்லை. திட்டுகிறதற்கு ஆள் இல்லாமல் போன கோபம் இருக்கிறதே, அது பெரிய கோபம்.

சம்மதத் தாள் வேறு, கேள்வித்தாள் வேறு, தொழிற்சாலைக்கு வெளியே, ஒட்டிய உறையில். இப்படி எடுத்தால் குழுவுக்குச் சரி என்றார் டொக்டர். றெஜினாவிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, தன் வீட்டு முற்றத்துக்கு வரச் சொன்னார்.

முப்பத்துநான்கு பேர் வந்திருந்தார்கள். உடுத்த பூசைச் சேலையோடு, நாலைந்து பேராகப் பாயில் இருந்தார்கள். நான் பேனைகளை எடுத்தேன். றெஜினா ஒரு கொப்பித் தாளை நீட்டினார். "முதல்லை நீங்கள் வையுங்கோ மிஸ்."

அவர் மகளின் வடிவான கையெழுத்தில் இரண்டு வரி. இந்தப் பதில்களைத் தொழிற்சாலையில் ஒருவருக்கும் காட்ட மாட்டேன். இதனால் ஒருவருக்கு வேலை போனால் அதற்கு நானே பொறுப்பு.

ஒருக்கால் வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன். "பொறுப்பு" என்றால் என்ன பொறுப்பு? எவ்வளவு காலத்துக்கு? வீட்டில் என் கணவரையும் ஒரு சொல் கேட்டுவிட்டுக் கையெழுத்து வைத்தால் என்ன? நான் பயந்தேன் – அப்பட்டமான பயம். முப்பத்துநான்கு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் தரம் வாசித்துக் கையெழுத்து வைக்க இந்தப் பெண்களுக்கு நான் சுப்பர்வைசர் மூலம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கால் மணித்தியாலம்தான் கொடுத்திருந்தேன்.

வைத்தேன். கீழே என் ஐ.சி. நம்பரையும் எழுதினேன்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும்! இரண்டரை மணித்தியாலம். ஒவ்வொரு வசனத்துக்கும் சண்டை. "இதுக்கு ஒண்டு போட்டால் காணாது மிஸ், இதுக்கும் கீழை இலக்கம் இல்லையோ?" என்றார் ஒருவர். "கை நோவைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லையே, உதென்ன படிப்பு?" என்றார் இன்னொருவர். கடைசிப் பக்கத்தில் "வேறு ஏதாவது கூற விரும்புகிறீர்களா?" என்று ஒரு சின்ன இடம் விட்டிருந்தேன். முதல் தரம் நூற்றிருபது பேரும் வெறுமையாக விட்ட இடம். இந்தத் தரம் பின்பக்கம் திருப்பி எழுதினார்கள். தாள் கேட்டார்கள். மலகூடத்துக்குப் போகிற நேரத்தைக் கொப்பியில் குறிக்கிறது பற்றி ஒருவர் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, நான் கொஞ்ச நேரம் கிணற்றடியில் போய் நின்றேன்.

வெளிக்கிடும்போது மற்றப் பெண்களைப் பற்றிக் கேட்டேன்.

"வருவினம் மிஸ். ஆனால் பாத்துத்தான் வருவினம். எங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டால் கொஞ்சம் கொஞ்சமா வருவினம்."

"எவ்வளவு காலம் எடுக்கும்?"

"மூண்டு நாலு மாசம் பாருங்கோவன்."

திங்கட்கிழமை டொக்டர் சொன்னார், முப்பத்துநான்கு காணாது, குறைந்தது நூறு வேண்டும் என்று. பழைய படிவங்களில் மிச்சத்தை இதோடு கலந்தால் எண்ணிக்கை சரிவரும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "நீங்கள்தான் யோசிக்கோணும் அக்கா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

யோசித்தேன். பட்டம் வேண்டும் எனக்கு. மிகவும் வேண்டும். வேண்டாம் என்று பெரிய மனது பண்ணுகிற ஆள் நான் இல்லை. ஆனால் கிணற்றடியில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, அந்த ஐந்துகளைக் கொண்டுபோய் இந்தத் தாள்களுக்கு மேலே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் தரம் காலநீடிப்புக் கேட்கிற போர்மை இறக்கினேன். தருவார்களா? சந்தேகம்தான். தராவிட்டால் ஏழு வருஷமும் போச்சு. அதில் "தாமதத்துக்கான காரணம்" என்று ஒரு பெட்டி, ஒரு வரிதான் எழுதலாம். வழமையாக எல்லோரும் சுகயீனம், குடும்பச் சூழ்நிலை, வேலைப்பளு என்று எழுதுவார்கள். போன இரண்டு தரமும் நானும் அதைத்தான் எழுதினேன்.

இந்தத் தரம் எழுதினேன்: "ஆட்கள் இப்போதுதான் கதைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்."